இளையோர் தொண்டும் அதன் எல்லையும்

அறங்கள் பலவற்றுள்ளும் பிறர்க்கு உழைக்கும் தொண்டே தலைசிறந்தது என்பதில் நம்மவர்க்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும், அத்தொண்டு எவ்வயதில் தொடங்கத்தக்கது, யாவர்பொருட்டுச் செய்யத்தக்கது என்னும் வினாக்கள் எழுமாயின் விடைகள் பலவாகின்றன. "பயிலும் பிள்ளைக்குப் பாடமே தொண்டு, பிறவற்றை ஒரு வேலையில் அமர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்பர் சிலர். "தொண்டு செய்யட்டும், ஆனால் நம் பிள்ளைகள் நம்மவர்க்கே செய்யட்டும்" என்பர் வேறு சிலர். நம் சங்கக் கூட்டங்களில் இவ்விரு கூற்றுகளையும் யான் பன்முறை கேட்டிருக்கின்றேன். கூறுவோர் யாவரும் நல்லெண்ணம் உடையோரே. எனினும், நல்லெண்ணம் ஒன்றே நல்வழி காட்டிவிடாது. நமக்கு முன்னே இவ்வழி நடந்தோர் எங்கே தழைத்தனர், எங்கே இடறினர் என்பதை வரலாறு எழுதிவைத்திருக்கின்றது. அதனைப் பார்த்துப் பின்னர் நம் முடிவை அமைத்துக்கொள்ளுதலே அறிவுடைமை. ஆதலின், இளையோர் தொண்டின் வரலாற்றினின்றும் சில ஏடுகளை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றேன்.

உத்தரமேரூர்ச் சிறுவன்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருத்தலை நம்மிற் பலர் அறிவர். அவை அம்மன்னனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றவை. ஊர்க் காரியங்களை நடத்தும் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரிவாக வகுத்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்திற்கு அறுவரும் அமர்த்தப்பெற்றனர். பிந்திய கல்வெட்டின்படி, வாரியத்தில் அமர்வோர் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோராயும் எழுபது வயதுக்கு உட்பட்டோராயும் இருத்தல் வேண்டும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது ஒழிந்தோர் விலக்கப்பட்டனர். அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இவ்வளவு கண்டிப்பான முறையில், குடத்தினின்றும் ஓலையை எடுத்தவன் யாவன் என்று நினைக்கின்றீர்கள்? சபையின் முதியோனும் அல்லன், பூசகனும் அல்லன். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன். அவனை அழைத்து ஓலை எடுப்பித்தனர் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே நம் நாட்டுப் பெரியோர், பொதுக் காரியத்தில் முதியோரால் இயலாத ஒன்று சிறுவரால் இயலும் என்று கண்டிருந்தனர். அஃது யாது? ஒருபுறம் சாயாமை. எவர் பெயர் வந்தாலும் அவனுக்கு இலாபமும் இல்லை, இழப்பும் இல்லை. அதனால் அவன் கையை ஊரார் நம்பினர்.

ஆயினும், உண்மையை முழுமையும் உரைத்தல் வேண்டும். அவ்வூர்ச் சபை வேதியர் சபை. நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையார் பெயரே குடத்துள் புகுந்தது. அவ்வேரியின் நீரால் உழுதவர், கலம் வனைந்தவர், துணி வெளுத்தவர் ஆகியோர் பெயர் எழுதிய ஓலை எதுவும் அக்குடத்தில் இல்லை. சிறுவன் கை எப்பக்கமும் சாயவில்லை; முதியோர் அமைத்த குடமோ முன்னரே சாய்ந்திருந்தது. இவ்விரண்டு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சாரணர் தோற்றம்

நம் காலத்துக்கு அணித்தான வரலாற்றில், பள்ளிச் சிறுவரின் தொண்டு ஓர் ஒழுங்கான இயக்கமாக உருவெடுத்தது சாரணர் படையில்தான். சாரணர் என்னும் சொல் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்குச் செல்லும் வழியில் சாரணர் தோன்றி அறமுரைத்த செய்தி சிலப்பதிகாரத்தில் உளது. அவர் வான்வழி இயங்கும் ஆற்றல் பெற்ற சமண முனிவர். ஒற்றர் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. படைக்கு முன்னே சென்று வழியறிந்து வருவோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இதனைத் தேர்ந்தோர் நன்கு தேர்ந்தனர். வழியறிதலும் அறமுரைத்தலும் ஒரு சொல்லுள் அடங்கின.

இவ்வியக்கத்தை நிறுவியவர் பேடன் பவல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர்ப் போரில், மாஃபெக்கிங் என்னும் சிறு நகரம் 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாள் முற்றுகையிடப்பட்டது. அந்நகரைக் காத்து நின்ற பேடன் பவலிடம் வீரர் தொகை குறைவு. அவருடைய துணைத் தளபதியாகிய எட்வர்டு செசில் என்பார் நகரத்துச் சிறுவரை ஓர் அணியாகத் திரட்டினார். அச்சிறுவர் செய்தி கொண்டு சென்றனர். காவல் நோக்கி நின்றனர். அதனால் பெரியோர் போர்முனைக்குச் செல்ல இயன்றது. பொறுப்பை நம்பி ஒப்படைத்தால் சிறுவர் அதனைத் தாங்குவர் என்பதைப் பேடன் பவல் ஆங்குக் கண்டார்.

1907 ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரௌன்சி என்னும் தீவில் ஏறக்குறைய இருபது சிறுவரைக் கொண்டு அவர் ஒரு பாசறை அமைத்தார். செல்வர் பயிலும் பெரும் பள்ளிகளினின்றும் சிலர் வந்தனர். தொழிலாளர் குடும்பங்களினின்றும் சிலர் வந்தனர். இருதிறத்தாரும் ஒரே கூடாரத்தில் உறங்கினர். ஒரே அடுப்பில் சமைத்து உண்டனர். மறு ஆண்டு, 1908-இல், சாரணப் பயிற்சி நூலைச் சிறு சிறு பகுதிகளாக அவர் வெளியிட்டார். நூல் முழுமையும் வெளிவருமுன்னரே ஊர்தோறும் சிறுவர் தாமே அணிகளாகத் திரண்டனர். நாள்தோறும் பிறர்க்கு ஒரு நன்மையேனும் செய்தல் சாரணன் கடன் என்றும், எவ்வகுப்பில் பிறந்தவனாயினும் சாரணன் ஒவ்வொருவனும் மற்றவனுக்கு உடன்பிறந்தான் என்றும் அந்நூல் விதித்தது. 1909-இல் சிறுமியரும் இடம் கேட்டு வந்து நின்றனர்; 1910-இல் அவர்க்கென ஓர் இயக்கம் அமைந்தது.

இங்கும் குடத்தின் சாய்வு இருந்தது. மாஃபெக்கிங்கில் முற்றுகைக்குட்பட்டோர் வெள்ளையர் மட்டும் அல்லர். பரோலோங் என்னும் ஆப்பிரிக்க இனத்தார் ஆயிரக்கணக்கில் அங்கு வாழ்ந்தனர். ஊரைக் காக்க அவரும் போரிட்டனர். உணவு அருகியபோது அவர்க்குரிய பங்கே முதலிற் குறைக்கப்பட்டது. பலர் பசியால் மாண்டனர். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த சால் பிளாட்ஜே என்னும் ஆப்பிரிக்க இளைஞர் அந்நாளில் எழுதிய நாட்குறிப்பு 1973-இல்தான் அச்சேறியது. வெள்ளைச் சிறுவரின் தொண்டினை உலகம் முழுவதும் பாடிற்று. பக்கத்துச் சேரியின் பசி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஏட்டிற்குள் அடங்கிக் கிடந்தது.

இந்திய நாட்டில்

இந்தியாவில் முதற் சாரணர் படை 1909-இல் பெங்களூரில் ஐரோப்பியப் பள்ளி ஒன்றில் தோன்றியது. ஐரோப்பியச் சிறுவரும் ஆங்கிலோ இந்தியச் சிறுவருமே அதிற் சேரலாம். இந்தியச் சிறுவர்க்கு இடமில்லை. சாரணர் யாவரும் உடன்பிறந்தார் என்று நூல் கூறுகின்றது. அந்நூலைக் கையில் ஏந்தியவரோ இந்நாட்டுப் பிள்ளையை வாயிலில் நிறுத்தினர். இந்தியச் சிறுவர்க்குப் படைப்பயிற்சி போன்ற எதனையும் அளிக்க ஆட்சியாளர் அஞ்சினர் என்பதே இதன் காரணம்.

வாயில் அடைபட்டபோது நம் நாட்டார் வாளா இருந்திலர். 1913-இல் வடநாட்டு ஷாஜஹான்பூரில் ஸ்ரீராம் வாஜ்பாய் என்பார் இந்தியச் சிறுவரைக் கொண்டே ஒரு சாரணர் படை அமைத்தார். 1916-இல் நம் சென்னையில் அன்னி பெசண்டு அம்மையார், ஜார்ஜ் அருண்டேல் முதலியோர் துணையுடன் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். தலைப்பாகை அணிந்த இந்தியச் சாரணரைச் சென்னைத் தெருக்கள் அப்போதுதான் கண்டன. அதே ஆண்டில்தான் அம்மையார் தன்னாட்சி இயக்கத்தையும் தொடங்கினார் என்பது கருதற்பாலது. நாட்டை ஆளவேண்டிய மக்கள் சிறு வயதிலேயே பொதுப்பணியில் பழகவேண்டும் என்பது அவர் கொள்கை. 1918-இல் மதன் மோகன் மாளவியரும், இருதயநாத குன்சுருவும், மேற்கூறிய வாஜ்பாயும் கூடி அலகாபாத்தில் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர்.

இங்ஙனம் இந்தியச் சிறுவர் தம் தகுதியைச் செயலால் காட்டியபின், 1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். நேரிற் கண்டபின் இந்தியரை விலக்கிவைத்த முறை கைவிடப்பட்டது. பெசண்டு அம்மையாரின் சங்கம் தாய்ச்சங்கத்தோடு இணைந்தது. ஆயின், முறிவு முற்றும் ஆறவில்லை. இந்தியரின் ஒழுக்கத்தை இழித்துக் கூறியதாக 1930-களின் இறுதியில் பேடன் பவலின் மேல் எழுந்த சினத்தால், 1938-இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் தனியே பிரிந்தது. விடுதலைக்குப் பின்னர், 1950 நவம்பர் 7-ஆம் நாள் பிரிந்த சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்டு 15-இல் சாரணியரும் அதனோடு இணைந்தனர்.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? பிறரால் விலக்கப்பட்டோர் தமக்கெனச் சங்கம் அமைப்பது குற்றமன்று, அஃது இயல்பு, சில வேளைகளில் இன்றியமையாததுமாம். நம் சங்கமும் அங்ஙனம் பிறந்ததே. ஆனால், 1916-இல் தனியே அமைந்த சங்கம் தனிமையைத் தன் முடிவாகக் கொள்ளவில்லை. விலக்கப்பட்ட துன்பத்தை அறிந்தோர், தாம் பிறரை விலக்கலாகாது என்பதே அதன் சாரம்.

நாட்டு நலப்பணி

விடுதலை பெற்ற நாட்டில், கல்லூரி மாணவரின் தொண்டினைக் கல்வியோடு பிணைப்பது எங்ஙனம் என்னும் ஆராய்ச்சி நெடுநாள் நடந்தது. மாணவர் தம்மைத் தாங்கும் நாட்டு மக்களுக்குக் கடன்பட்டவர் என்பது காந்தியடிகள் ஓயாது வற்புறுத்திய கருத்து. 1959-இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, உயர்நிலைக் கல்வி முடித்தோர் ஏறக்குறைய ஓராண்டு நாட்டுப்பணி செய்தலைக் கட்டாயமாக்கலாம் என்றது. அதன்பின் பல நாடுகளின் முறையை ஆராய்ந்த கே.ஜி. சையிதைன் என்னும் கல்வியறிஞர், கட்டாயத்தால் தொண்டு விளையாது, விருப்பத்தால் விளைவதே தொண்டு என்று முடிவு கூறினார். பின்னவர் கூற்றே நிலைபெற்றது. காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், அப்போது கல்வியமைச்சராயிருந்த வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர் முதலிற் சேர்ந்தனர். பின்னர் அது மேனிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கோனாரக் சூரியன் கோயில் தேர்ச்சக்கரம் அதன் சின்னம். தன்பொருட்டன்று, பிறர்பொருட்டே என்பது அதன் குறிக்கோள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஒரு சிற்றூரில் ஏழு நாள் தங்கிச் செய்யும் சிறப்பு முகாமும் அதன் அமைப்பு.

ஏழு நாள் முகாம் என்பது சிறு செய்தியன்று. நகரத்தில் வளர்ந்த மாணவன் ஒருவன் ஊர்ப்பள்ளியின் தரையில் படுத்து, பல சாதிப் பிள்ளைகளோடு ஒரு பந்தியில் உண்டு, பிறர் தெருவைத் தன் கையால் பெருக்குகின்றான். அவன் பெருக்கிய தெரு மறுநாளே குப்பையாகலாம். அவன் உள்ளத்தில் பெருக்குண்டது மீண்டும் எளிதில் சேராது. எழுத்தறிவைப் பரப்பும் அறிவொளி இயக்கம் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தபோதும் இதனையே கண்டோம். இளைஞரும் இளம்பெண்டிரும் ஊதியமின்றி மாலைதோறும் கற்பித்தனர். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியோட்டவும் கற்றனர். கற்றவர் அடைந்த பயனினும் கற்பித்தவர் அடைந்த பயன் குறைந்ததன்று.

யான் கண்ட இரண்டு

ஏட்டில் உள்ளதை உரைத்தேன். இனிக் கண்ணாற் கண்டதையும் உரைத்தல் வேண்டும். இரண்டும் எம்போன்றோர் பிழையே. அதனால் கூறுதற்கு வெட்கமில்லை எனினும் வருத்தம் உண்டு.

பன்னிரண்டு ஆண்டுகட்கு முன்னர், யான் என் மாணவரை அழைத்துச் சென்று ஏரிக்கரையில் நாற்பது மரக்கன்றுகளை நடுவித்தேன். ஐப்பசி மழைக்காலம்; மண் நெகிழ்ந்திருந்தது. பெரியோர் வந்து பேசினர்; நிழற்படம் எடுத்தனர்; பிள்ளைகள் மகிழ்ச்சியுடன் கலைந்தனர். சித்திரையில் சென்று பார்த்தேன். மூன்று கன்றுகளே உயிரோடிருந்தன. அம்மூன்றும் ஆறாம் வகுப்பில் பயின்ற ஒரு சிறுமி நட்டவை. அவள் வீடு கரையருகே உளது. மாலைதோறும் நீர் எடுக்க வருபவள், தன் குடத்தில் ஒரு பகுதியை அவற்றிற்கு ஊற்றிவந்திருக்கின்றாள். எவரும் அவளை ஏவவில்லை. அவளும் எவரிடமும் சொல்லவில்லை. மறு ஆண்டு மீண்டும் கன்று நடச் சென்றபோது புதுக்குழி தோண்டவேண்டிய தேவையே எங்களுக்கு இல்லை. முப்பத்தேழு பழங்குழிகள் வாய்திறந்து காத்திருந்தன. நாற்பதின்மர் ஒருநாள் செய்தது விழா. ஒருத்தி நாடோறும் செய்ததே தொண்டு. இதனைக் கற்பிக்கவேண்டிய யான், அச்சிறுமியிடம் கற்றேன்.

மற்றொன்று நம் சங்கத்தைச் சார்ந்தது. ஊரின் பெயர் வேண்டா. நம் கிளை ஒன்றில், பள்ளி திறக்கும் ஆனித் திங்களில் ஏழைப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடுகள் வழங்க இளைஞர் முன்வந்தனர். கடைத்தெருவில் கடைகடையாய்ச் சென்று பொருள் திரட்டினர். வழங்கும் நாளில், நம் மண்டபத்தில், பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாய் அழைத்தனர். அழைப்பவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அவனோடு ஒரே பலகையில் அமர்ந்து பயிலும் வேறு தெருப் பையன் ஒருவன், செய்தி கேட்டு வந்து வாயிலில் நின்றான். "பட்டியலில் பெயர் இல்லை" என்று பெரியவர் ஒருவர் கூறினார், கடுமையாகவும் கூறவில்லை. பையன் திரும்பிச் சென்றான். அன்று மாலை அவ்வொன்பதாம் வகுப்பு மாணவன் என்னிடம் வந்தான். "ஐயா, நமக்குப் பணம் கொடுத்த கடைக்காரர் எல்லாரும் நம்மவர்தாமா?" என்று மட்டும் கேட்டான்.

அவ்வினாவுக்கு யான் அன்று விடையளிக்கவில்லை. நெடுநாள் தாழ்த்து, இக்கட்டுரை வாயிலாக இப்போது அளிக்கின்றேன். இல்லை, தம்பி, எல்லாரும் நம்மவர் அல்லர். பொருளை வாங்கும்போது நாம் எவர் சாதியும் கேட்கவில்லை. கொடுக்கும்போது மட்டும் கேட்டோம். அது பிழை.

நம்மவர்க்கு உதவுதல் தவறென்று யான் கூறியதாக ஒருவரும் கொள்ளற்க. அண்மையில் தொடங்குதல் வேறு. அண்மையிலேயே நின்றுவிடுதல் வேறு. விருதுநகரில் நாடார் பெருமக்கள் வீடுதோறும் பிடியரிசி ஒதுக்கி அதன் பொருளால் தம் மக்களின் கல்விக்கு வழி செய்தனர். அவர் வளர்த்த சத்திரிய வித்தியாசாலையில் பயின்றவர் காமராசர். அவர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956-ஆம் ஆண்டில் மாநிலம் முழுதும் விரிந்த பள்ளி மதிய உணவுத் திட்டம் எச்சாதிப் பிள்ளையின் பெயரையும் கேட்டுச் சோறிடவில்லை. ஒரு குலத்தார் பிடிபிடியாய் இட்ட அரிசி, ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் சோறாய்ப் பெருகிற்று. தொடங்கிய இடம் சிறிது; சென்றடைந்த இடம் பெரிது. நம் சங்கத்தின் பணியும் அவ்வாறு அமைதல் வேண்டும்.

நம் பிள்ளைகள் செய்யத்தக்கவை

மேற்கூறிய வரலாறுகள் அனைத்தினின்றும் மூன்று விதிகள் திரளுகின்றன. சிறுவரிடம் உண்மையான பொறுப்பை நம்பி ஒப்படைத்தல் வேண்டும். பணி விழாவாகாது நாடோறும் நடைபெறல் வேண்டும். பயன் கொள்வோர் சாதியால் வரையறுக்கப்படலாகாது. இவற்றுக்கு இயைய, வயதுக்கேற்றவாறு சில பணிகளைக் கூறுவேன்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வீட்டையும் தெருவையும் விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. கோடையில் பறவைகட்கு நீர் வைத்தல், ஒரு கன்றை ஓராண்டு முழுதும் தாமே காத்தல், பார்வை மங்கிய முதியோர்க்கு நாளிதழைப் படித்துக்காட்டல் ஆகியன அவர்க்குப் பொருந்தும். படித்துக்காட்டும் பிள்ளைக்கு உரத்துப் படிக்கும் பழக்கமும் பிழையற்ற உச்சரிப்பும் தாமே வரும் என்பதைத் தமிழாசிரியன் என்னும் முறையில் உறுதி கூறுவேன்.

பதினொன்று முதல் பதினான்கு வயதினர் சிற்றணிகளாகச் சேரலாம். ஊர் நூலகத்தில் கிழிந்த நூல்களை ஒட்டிக் கட்டுதல், எடுத்த நூலை அடுக்கில் முறையே வைத்தல், கீழ்வகுப்புப் பிள்ளைகட்கு மாலையில் ஒரு மணி நேரம் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தல் ஆகியன தக்கன. இன்னொரு பணியும் இவர்க்கே உரியது. உழவர், தச்சர், குயவர், மீனவர், நெசவாளர் ஆகியோர் வழங்கும் தொழிற்சொற்களையும், ஊரிலுள்ள வயல், ஓடை, மேடு ஆகியவற்றின் பெயர்களையும், பாட்டிமார் பாடும் தாலாட்டையும் கேட்டு எழுதித் தொகுத்தல் வேண்டும். அகராதியில் ஏறாத தமிழ் இவர்கள் நாவில் உளது. அவர் மறைந்தால் அதுவும் மறையும். இப்பணிக்கு வேறு தெருக்களுக்கும் சென்றே ஆகவேண்டும். சென்று, திண்ணையில் அமர்ந்து, அவர் கூறுவதை மாணவனாய் இருந்து கேட்டு எழுதவேண்டும். சாதி வேற்றுமையை அகற்ற நூறு சொற்பொழிவு செய்யாததை இஃதொன்றே செய்யும்.

பதினைந்து முதல் பதினெட்டு வயதினர்க்கு உடல்வலியும் அறிவும் ஒருங்கே உள. ஏரியின் வரத்துக்காலில் அடைந்த குப்பையை அகற்றுதல், மதகும் கலிங்கும் பழுதுற்ற இடங்களைக் குறித்து ஊராட்சிக்கு எழுதி அறிவித்தல், திருவிழாக் கூட்டத்தில் வழிகாட்டி நிற்றல் ஆகியவற்றை அவர் செய்யலாம். எழுதப் படிக்க அறியாதார்க்கு வங்கியிலும் அலுவலகங்களிலும் விண்ணப்பம் எழுதித் தருதலும், கைப்பேசியைக் கையாள முதியோர்க்குக் கற்பித்தலும் இக்காலத்துக்கு மிக வேண்டப்படுவன. இவ்வாறு உதவுங்கால் முதியோரின் மறைவெண்ணைக் கேட்டலும் கூடாது. அவர் கூறினும் நினைவிற் கொள்ளலும் கூடாது. குருதிக்கொடை பதினெட்டு நிரம்பியபின்னரே தகும். அதுவரை கொடையாளரை அழைத்துவருதலே இவர் கடன்.

பெற்றோர்க்கும் சங்கத்தார்க்கும் சில உரைப்பேன். நீர்நிலைப் பணியில் நீந்த அறிந்த பெரியவர் ஒருவர் உடன் இருத்தல் வேண்டும். சாக்கடைக்குள் எப்பிள்ளையையும் இறக்கலாகாது. அது தொண்டன்று, கொடுமை. பெண்பிள்ளைகளைத் தேநீர் வழங்கவும் கோலம் இடவும் மட்டும் நிறுத்தாது, அணித்தலைமை அவர்க்கும் அளித்தல் வேண்டும். தேர்வுக் காலத்தில் பணியைக் குறைக்கலாம், நிறுத்த வேண்டா. வாரத்திற்கு இரண்டு மணி நேரம் பிறர்க்கு உழைப்பதனால் மதிப்பெண் குறைந்த மாணவனை என் ஆசிரிய வாழ்வில் யான் கண்டதில்லை. சான்றிதழ் வழங்குவதாயின், பணி தொடங்கிய நாளில் வழங்கற்க. ஓராண்டு சென்றபின், கன்று உயிரோடிருக்கின்றதா என்று பார்த்து வழங்குக.

முடிவுரை

திருவள்ளுவனார் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஊர் மக்கள் உண்ணும் நீர் நிறைந்த குளத்தையும், ஊர் நடுவே பழுத்த மரத்தையும் ஆண்டு அவர் உவமையாக்கினார். குளம் தன்னிடம் நீர் மொள்ள வருவாரை எத்தெருவினர் என்று வினவுவதில்லை. மரம் தன் கனியை உண்ண வருவார்க்குப் பட்டியல் வைத்திருப்பதில்லை. நம் பிள்ளைகள் அக்குளமும் மரமும் ஆதற்கு உரியர். அவர் இயல்பிலேயே ஒருபுறம் சாயாதவர் என்பதை உத்தரமேரூர்ச் சிறுவன் காட்டினான். குறிப்பேட்டுப் பட்டியலைக் கையில் ஏந்தி நின்ற நம் மாணவனும் காட்டினான். சாய்ந்திருந்தது அவர் கையன்று. நாம் அமைத்த குடம்.

ஆதலின், நம் சங்கத்தின் வரும் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்புகின்றேன். நம் கிளைகள் தோறும் மாணவர் தொண்டணி ஒன்று அமைக. அதன் உறுப்பினர் நம் பிள்ளைகளோடு வந்து சேர விரும்பும் ஊர்ப் பிள்ளைகள் யாவரும் ஆகுக. அதன் உதவியைப் பெறுவோர்க்குத் தேவை ஒன்றே தகுதியாகுக. இதனை மறுப்போர் இருப்பின் அவையில் எழுந்து மறுக்க; வணக்கத்துடன் கேட்பேன். ஒப்புவோர், தீர்மானம் நிறைவேறும் வரையில் காத்திராது, வாயிலினின்றும் திரும்பிச் சென்ற அப்பையனின் வீட்டுக்கு இன்றே ஒரு குறிப்பேட்டோடு செல்க. செல்லுங்கால், தம் வீட்டுச் சிறுவன் ஒருவனையும் உடன் அழைத்துச் செல்க.